மகளுக்கு 22, அம்மாவுக்கு 26: வைட்டமின் டி மாத்திரை யாருக்குத் தேவை?

ஒரே நாளில், ஒரே ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்த அம்மாவும் மகளும் ஆளுக்கொரு அறிக்கையோடு வருகிறார்கள். மகளுக்கு வயது 38. உடலின் வைட்டமின் டி சேமிப்பைக் காட்டும் அவருடைய 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 22 நானோகிராம். அம்மாவுக்கு வயது 71, அளவு 26. அந்த ஆய்வகம் 30 முதல் 100 வரை உள்ளதையே சரியான அளவாக வைத்திருப்பதால், இரண்டு அறிக்கையிலும் ‘போதாமை’ என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. மகளிடம் ஏற்கெனவே ஒரு சீட்டு இருக்கிறது: 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம். அம்மாவுக்கு எலும்புப்புரைக்காக சோலட்ரானிக் ஆசிட் ஊசி போட அடுத்த வாரம் நாள் குறித்தாயிற்று.

“எனக்குத்தான் டாக்டர் கம்மியா இருக்கு. நான் மட்டும் போட்டுக்கிட்டா போதுமா, அம்மாவும் சேர்த்துப் போடணுமா?” என்பது மகளின் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மகளுக்கு அந்தச் சீட்டு தேவையில்லை. அம்மாவுக்கு உடனே சிகிச்சை தொடங்க வேண்டும், ஊசியைத் தள்ளிப்போட வேண்டும். அறிக்கையில் இருந்த எண்களை மட்டும் பார்த்திருந்தால் இரண்டுமே தலைகீழாகப் போயிருக்கும். எண்ணுக்கு முன்னால் ஆளைப் பார்த்ததால்தான் இந்த முடிவுக்கு வர முடிந்தது. அது எப்படி என்பதைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறோம்.

(இது ஒரு தனிக் குடும்பத்தின் மருத்துவப் பதிவு அல்ல. வெளிநோயாளர் பிரிவில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் கூறுகளைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு. நோயாளிகளின் எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஆய்வுகள், வழிகாட்டுதல்கள் பற்றிய தகவல்கள் உண்மையானவை.)

மகள்: சோர்வும் முடி உதிர்வும்

ஐந்து மாதமாகச் சோர்வு. மதியத்துக்கு மேல் வேலை ஓடுவதில்லை. தலை சீவினால் முடி கொத்தாக வருகிறது. எலும்பு வலி இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறது. எந்த மருந்தும் எடுப்பதில்லை, குடல் நோய் இல்லை, உடல் எடை இயல்பு. தினமும் கொஞ்ச நேரமாவது வெளியே நடக்கிறார். மாதவிடாய் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏழு நாள், அதிகப் போக்கு.

அவருடைய கால்சியம் 9.4, பாஸ்பரஸ் 3.6, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் (எலும்பிலும் கல்லீரலிலும் உண்டாகும் என்சைம்) 72, கிரியாட்டினின் 0.7. வைட்டமின் டி குறைந்து எலும்பு பாதிக்கப்பட்டிருந்தால் இவற்றில் ஏதாவது ஒன்று அசைந்திருக்கும். எதுவும் அசையவில்லை.

அப்படியானால் 22 என்ற எண்ணை என்ன செய்வது? இதற்கு அந்த ‘30’ எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2010 இறுதியில் வெளியிட்ட அறிக்கை, எலும்பு நலத்துக்கு ஏறக்குறைய எல்லோருக்கும் 20 போதும் என்றது. சரியாகச் சொன்னால் மக்களில் 97.5 சதவீதம் பேரின் தேவையை 20 நிறைவு செய்யும். பாதிப் பேருக்கு 16 கூடப் போதும். 12-க்குக் கீழே போனால்தான் குறைபாட்டின் ஆபத்து. 2011-இல் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோக்ரைன் சொசைட்டி வேறு கோடு போட்டது: 20-க்குக் கீழே குறைபாடு, 21 முதல் 29 வரை போதாமை. ஆய்வகங்கள் பலவும் இந்த இரண்டாவது கோட்டை அச்சில் ஏற்றிக்கொண்டன. அன்றிலிருந்து ஆரோக்கியமானவர்களில் பெரும்பங்கினர் ஒரே இரவில் ‘போதாமை’க்காரர்கள் ஆனார்கள். அதே சொசைட்டி 2024-இல் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் 30 என்ற இலக்கைக் கைவிட்டுவிட்டது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டாம், 75 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அன்றாடத் தேவைக்கு மேல் மாத்திரை வேண்டாம் என்றும் அது சொல்கிறது. அச்சடித்த அறிக்கைகள் பலவற்றில் பழைய 30 இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

20-க்கும் 16-க்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பது நல்லது. 20 என்பது கிட்டத்தட்ட எல்லோரையும் காப்பாற்ற வைத்த மேல்வரம்பு. அதற்குக் கீழே உள்ள ஒவ்வொருவரும் நோயாளி என்று அதற்குப் பொருளில்லை. 18 வந்தவரை மிரட்டக் கூடாது, 6 வந்தவரைச் சும்மா அனுப்பவும் கூடாது.

பரிசோதனையும் ஓர் அளவுகோல்தான், தராசு அல்ல. ஒரே ரத்தத்தை இரண்டு ஆய்வகங்களில் கொடுத்தால் சில நானோகிராம் வித்தியாசம் வரும். வெயில் காலத்தின் முடிவில் எடுத்தால் ஏறியிருக்கும், குளிர்காலத்தின் முடிவில் இறங்கியிருக்கும். கடும் காய்ச்சல் அல்லது அறுவை சிகிச்சையை ஒட்டி எடுத்தால், உடலின் அழற்சியே அளவைக் கீழே இழுத்துவிடும். ஆகவே படுக்கையில் இருக்கும்போது வந்த குறைந்த எண், நோயின் காரணமாக இல்லாமல் நோயின் விளைவாக இருக்கலாம்.

மாத்திரை போட்டால் என்ன மாறும் என்பதுதான் அடுத்த கேள்வி. இதற்குப் பெரிய ஆய்வுகளே பதில் தருகின்றன. அமெரிக்காவில் நடந்த வைட்டல் ஆய்வில் 25,871 பேர் கலந்துகொண்டார்கள். தினம் 2,000 யூனிட், ஐந்து ஆண்டுக்கு மேல். புற்றுநோயும் மாரடைப்பும் குறையவில்லை என்று முதல் முடிவுகள் சொன்னன, 2022-இல் வந்த முடிவில் எலும்பு முறிவும் குறையவில்லை. தன்னெதிர்ப்பு நோய்கள் மட்டும் 22 சதவீதம் குறைந்திருந்தன; அந்த ஒன்றை அக்கறையோடு தொடர்ந்து பார்க்க வேண்டும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 2,423 பேருக்கு தினம் 4,000 யூனிட் கொடுத்த ஆய்வில், 2019 முடிவுப்படி, சர்க்கரை நோய் குறிப்பிடும்படி குறையவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. வைட்டலில் சேர்ந்தவர்களின் சராசரி அளவு தொடக்கத்திலேயே ஏறக்குறைய 31. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் என்ன ஆகும் என்பதைத்தான் அது சோதித்தது. அதைக் காட்டி 6 உள்ளவருக்கும் மாத்திரை வேண்டாம் என்று சொல்வது பெரிய தவறு. மகளுக்குப் பொருந்தும் ஆய்வு அம்மாவுக்குப் பொருந்தாது; ஏன் என்பது கீழே வரும்.

மகளுக்கு உண்மையில் இருந்தது வேறு. ஹீமோகுளோபின் 11.2, சிவப்பணுவின் சராசரி அளவு 76, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8. இரும்புச் சேமிப்பு வற்றிவிட்டது. மாதவிடாய்ப் போக்கு அதற்குப் போதுமான காரணம். சோர்வும் முடி உதிர்வும் ஐந்து மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. முதல் அறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்த வைட்டமின் டி எல்லோருடைய கண்ணையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டதால், ஃபெரிட்டினை யாரும் கேட்கவில்லை. தேவையில்லாத பரிசோதனையால் வரும் நட்டத்தில் இதுவே பெரியது: ஒரு பதில் கையில் கிடைத்துவிட்டதால் தேடல் நின்றுவிடுகிறது. எட்டு வாரம் டி மாத்திரை போட்டு, அளவு 45-க்கு ஏறி, முடி அப்படியே கொட்டிக்கொண்டிருந்திருக்கும்.

அவருக்கு இரும்பு மாத்திரையும், போக்குக்கான காரணத்தைப் பார்க்க மகப்பேறு மருத்துவரிடம் ஒரு சீட்டும் கொடுத்தாயிற்று. வைட்டமின் டி வேண்டுமென்றே தோன்றினால் தினம் 400 முதல் 600 யூனிட் எடுப்பதில் கெடுதல் இல்லை. 70 வயது வரை அன்றாடத் தேவையே 600 யூனிட், அதாவது 15 மைக்ரோகிராம்தான். கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால், உடலை முழுதும் மூடி வெயிலே படாமல் வாழ்ந்தால், குடல் அல்லது எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்திருந்தால் இந்த முடிவு மாறும் என்றும் அவரிடம் சொல்லப்பட்டது.

அம்மா: ஒன்றோடொன்று ஒட்டாத எண்கள்

அம்மா தன் வாயால் குறை எதுவும் சொல்லவில்லை. “வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்” என்பது அவருடைய பதில். ஆனால் அறைக்குள் வரும்போதே இடுப்பு இரண்டு பக்கமும் ஆடியது. நாற்காலியிலிருந்து எழ இரண்டு கைகளாலும் கைப்பிடியைத் தள்ளினார். கையைக் கட்டிக்கொண்டு எழச் சொன்னபோது மூன்று முறை முயன்றும் முடியவில்லை. முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தியபோது முகம் சுளித்தார்.

தொடைத் தசைகளின் பலவீனமும் எலும்பை அழுத்தினால் வலியும் சேர்ந்து வந்தால் ஆஸ்டியோமலேசியாவை நினைக்க வேண்டும். பெரியவர்களில் எலும்புக்குள் கால்சியம் படியாமல் மெத்தென்று ஆகிவிடும் நோய் அது. குழந்தைகளில் இதுவே ரிக்கெட்ஸ். மூட்டுத் தேய்மானம் என்றும் முதுமை என்றும் பெயர் வைத்து ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது.

மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்ததில் இரண்டு பொருள்கள் முக்கியமானவை. ஒன்று, வலிப்பு நோய்க்காக இருபது ஆண்டுக்கு மேலாக எடுக்கும் ஃபெனிட்டாய்ன். அது கல்லீரலின் என்சைம்களைத் தூண்டி வைட்டமின் டி-யைப் பயன்படாத பொருளாக உடைத்துத் தள்ளும். கார்பமசெப்பின், ஃபீனோபார்பிட்டால், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவையும் இதையே செய்யும். இரண்டாவது, முடிக்கும் நகத்துக்கும் என்று மருந்துச் சீட்டில்லாமல் வாங்கிய பயோட்டின், 10 மில்லிகிராம், தினம் காலையில். ரத்தம் கொடுத்த அன்றும் காலையில் அதைப் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போயிருக்கிறார்.

இனி அவருடைய அறிக்கை:

வைட்டமின் டி 26. பாராதைராய்டு ஹார்மோன் 34 (இயல்பு 15 முதல் 65). கால்சியம் 8.4 (8.6 முதல் 10.2). பாஸ்பரஸ் 2.2 (2.5 முதல் 4.5). அல்கலைன் பாஸ்பேட்டேஸ் 246 (40 முதல் 130). ஆல்புமின் 4.0, கிரியாட்டினின் 0.8, மெக்னீசியம் 1.9.

தனித்தனியாகப் படித்தால் ‘டி கொஞ்சம் குறைவு, பாராதைராய்டு சரி’ என்று கடந்துவிடலாம். சேர்த்துப் படித்தால் இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கால்சியம் இறங்கினால் பாராதைராய்டு சுரப்பி சும்மா இருக்காது, ஹார்மோனை ஏற்றிவிடும். இங்கே கால்சியம் குறைந்தும் ஹார்மோன் 34-இல் நிற்கிறது. சரி, சுரப்பியே பழுதாகியிருக்கலாமா? சுரப்பி பழுதானால் பாஸ்பரஸ் ஏறியிருக்க வேண்டும், இங்கே இறங்கியிருக்கிறது. மெக்னீசியம் வற்றினாலும் ஹார்மோன் சுரக்காமல் போகும், ஆனால் அதுவும் சரியாக இருக்கிறது. ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதமான ஆல்புமின் இயல்பாக இருப்பதால் குறைந்த கால்சியத்தைத் திருத்திக் கணக்குப் போடவும் வழியில்லை. கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பேட்டேஸ் மூன்றும் கடும் வைட்டமின் டி குறைபாட்டையே சொல்கின்றன. 26-ம் 34-ம் மட்டும் மறுக்கின்றன. அந்த இரண்டு பரிசோதனைகளுக்கும் பொதுவாக இருப்பது என்ன?

இரண்டுமே பயோட்டினைப் பசையாகப் பயன்படுத்தும் முறையில் செய்யப்பட்டவை. பல ஆய்வக இயந்திரங்களில் எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) பிடித்து வைக்க, பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டும் தன்மையைப் பயன்படுத்துகிறார்கள். நோயாளியின் ரத்தத்தில் மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் மிதந்தால் அது குறுக்கே புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். போட்டி முறையில் செய்யும் வைட்டமின் டி பரிசோதனையில் இதனால் எண் பொய்யாக ஏறும். இரு எதிர்ப்பொருள்களுக்கு நடுவே ஹார்மோனைப் பிடிக்கும் பாராதைராய்டு பரிசோதனையில் பொய்யாக இறங்கும். ஒரே மாத்திரை, ஒன்றை ஏற்றி மற்றொன்றை இறக்கி, நோயை இரண்டு பக்கமும் மறைத்துவிட்டது.

பயோட்டினை நிறுத்தி நான்கு நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்ததில் வைட்டமின் டி 6, பாராதைராய்டு ஹார்மோன் 142. இப்போது ஐந்து எண்களும் ஒரே கதையைச் சொல்லின. இந்த அளவு பயோட்டின் எடுப்பவர்கள் குறைந்தது மூன்று நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் அதிக நாள் தேவைப்படும். நிறை நிறமாலை (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) முறையில் அளக்கும் ஆய்வகமாக இருந்தால் வைட்டமின் டி-க்கு இந்தத் தொல்லை இல்லை.

அல்கலைன் பாஸ்பேட்டேஸ் எலும்பிலிருந்து வருகிறதா, கல்லீரலிலிருந்து வருகிறதா என்று பார்க்க ஜி.ஜி.டி. என்ற பரிசோதனையைக் கேட்பது வழக்கம். ஃபெனிட்டாய்ன் எடுப்பவர்களிடம் அது உதவாது. அந்த மருந்தே ஜி.ஜி.டி.யை ஏற்றிவிடும். எலும்புக்கே உரிய அல்கலைன் பாஸ்பேட்டேஸைத் தனியாகக் கேட்டதில் அது உயர்ந்திருந்தது.

இன்னொரு தவறான பரிசோதனையையும் இங்கே சொல்ல வேண்டும். ‘செயல்படும் வைட்டமின் டி’ என்ற பெயரைக் கண்டு 1,25 டைஹைட்ராக்ஸி வைட்டமின் டி பரிசோதனையைச் சிலர் எழுதிவிடுகிறார்கள். தோலில் உண்டாகும் டி கல்லீரலில் 25 ஹைட்ராக்ஸியாகவும், பிறகு சிறுநீரகத்தில் 1,25 ஆகவும் மாறுகிறது. சேமிப்பைக் காட்டுவது முதலாவது. அது ரத்தத்தில் இரண்டு மூன்று வாரம் தங்கும். இரண்டாவது சில மணி நேரமே தங்கும், தவிர குறைபாடு வரும்போது பாராதைராய்டு ஹார்மோன் அதைத் தள்ளித் தள்ளி உற்பத்தி செய்யவைக்கும். சேமிப்பு காலியாக இருக்கும்போதும் 1,25 இயல்பாகவோ கூடுதலாகவோ வரலாம். குறைபாட்டைக் கண்டுபிடிக்க அதைக் கேட்கவே கூடாது.

ஊசியை ஏன் நிறுத்த வேண்டியிருந்தது

போன ஆண்டு மணிக்கட்டு முறிந்திருந்தது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பு டி-ஸ்கோர் (T-score; இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண், வைட்டமின் டி அல்ல) மைனஸ் 3.1. அதனால் எலும்புப்புரை என்று முடிவாகி சோலட்ரானிக் ஆசிட் எழுதப்பட்டது. ஸ்கேனை மட்டும் பார்த்தால் அது சரியான மருத்துவம்.

ஆனால் டெக்ஸா அளப்பது எலும்பில் உள்ள தாதுவை. எலும்புப்புரையில் எலும்பே குறைவு. ஆஸ்டியோமலேசியாவில் எலும்பின் சட்டகம் இருக்கிறது, தாது படியவில்லை. ஸ்கேனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சோலட்ரானிக் ஆசிட், டெனோசுமாப் இரண்டும் எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறுவதை அடைத்துவிடும் மருந்துகள். வைட்டமின் டி இல்லாததால் குடலிலிருந்து கால்சியம் சரியாக உள்ளே வராத ஒருவருக்கு, ரத்தத்தின் கால்சியத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது எலும்பிலிருந்து கசியும் அந்தக் கால்சியம்தான். அந்த வாசலையும் அடைத்தால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று விழும். உதட்டைச் சுற்றி மதமதப்பு, கை விரல்கள் இழுத்துக்கொள்வது, இதயத் துடிப்பில் கோளாறு, வலிப்பு என்று போகும். இவர் ஏற்கெனவே வலிப்பு நோயாளி. கால்சியம் விழுந்து வரும் வலிப்பை எல்லோரும் பழைய நோயின் கணக்கில் எழுதி, ஃபெனிட்டாய்னின் அளவை ஏற்றியிருப்பார்கள். அதனால் டி மேலும் குறைந்திருக்கும்.

இந்த நிகழ்வில் எடுத்த மிக முக்கியமான முடிவு ஊசியைத் தள்ளிப்போட்டதுதான். எலும்புப்புரை ஊசி போடுவதற்கு முன் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பேட்டேஸ், கிரியாட்டினின், 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கு வேண்டாம் என்ற அதே டி பரிசோதனை, இவரைப் போன்றவர்களுக்குக் கட்டாயம்.

என்ன கொடுக்கப்பட்டது, ஏன்

வைட்டமின் டி3 தினம் 6,000 யூனிட், 12 வாரம். அதோடு 500 மில்லிகிராம் கால்சியம், காலை ஒன்று இரவு ஒன்று, சாப்பாட்டோடு. மெத்தென்ற எலும்பில் தாது படியத் தொடங்கும்போது ரத்தத்திலிருந்து கால்சியத்தை உறிஞ்சும். கால்சியம் தராமல் டி மட்டும் கொடுத்தால் முதல் வாரங்களில் கால்சியம் இன்னும் இறங்கலாம். கால்சியம் கார்பனேட்டுக்கு வயிற்று அமிலம் தேவை, ஆகவே வெறும் வயிற்றில் போடக் கூடாது. டி மாத்திரையையும் கொஞ்சம் கொழுப்புள்ள பெரிய சாப்பாட்டோடு போடச் சொல்லப்பட்டது. அது கொழுப்பில் கரையும் பொருள், காலிக் குடலில் பாதி வீணாகும் என்ற அளவுக்கு இல்லாவிட்டாலும் உறிஞ்சுவது குறையும்.

ஏன் வாரத்துக்கு ஒரு பெரிய மாத்திரை இல்லை? வாரம் 50,000 அல்லது 60,000 யூனிட், எட்டு வாரம் என்பதும் ஏற்கப்பட்ட முறைதான். பலருக்கு அது வசதி. இவருக்குத் தினசரி முறையைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள். தினம் ஃபெனிட்டாய்ன் எடுக்கும் பழக்கம் இருப்பதால் அதோடு சேர்த்துக்கொள்வது எளிது. இரண்டாவது, கீழே விழும் ஆபத்துள்ள முதியவர்களுக்கு ஒரேயடியாகப் பெரிய அளவு கொடுப்பது நல்லதல்ல. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை 5,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2010-இல் வந்தது. மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள், அதிகமாக எலும்பை முறித்துக்கொண்டார்கள். ‘வருஷத்துக்கு ஒரு ஊசி, கவலை விட்டது’ என்பதை முதியவர்களிடம் இன்னும் சொல்வது வருத்தத்துக்குரியது.

மாறாக, 1992-இல் வெளியான பிரான்சு நாட்டு ஆய்வு ஒன்றில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களுக்கு, சராசரி வயது 84, தினம் 800 யூனிட் டி-யும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் கொடுத்தார்கள். இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. வைட்டலுக்கும் இதற்கும் முரண் இல்லை. வெளியே வராத, உண்மையிலேயே குறைபாடுள்ளவர்களுக்கு, சிறிய அளவு, தினமும்: பயன் அங்கேதான் கிடைத்தது.

சாதாரண ஒருவருக்குத் தினம் 100 யூனிட் கூட்டினால் அளவு ஏறக்குறைய 1 நானோகிராம், அல்லது அதைவிடச் சற்றுக் குறைவாக ஏறும் என்பது கைக்கணக்கு. ஃபெனிட்டாய்ன் எடுப்பவருக்கும் உடல் பருமனானவருக்கும் இந்தக் கணக்கு பொய்க்கும். இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். ஆகவே 6,000 கொடுத்தும் இவருக்கு 60 ஏறும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

வெயிலில் உட்கார்ந்தால் போதாதா என்று மகள் கேட்டார். தோல் டி-யை உண்டாக்குவது சூரிய ஒளியின் 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிரால். கண்ணாடி சன்னலைத் தாண்டி அது வராது. நம் நிழல் நம்மைவிட நீளமாக விழும் காலையிலும் மாலையிலும் அது மிகக் குறைவு. கருத்த தோலுக்கு அதிக நேரம் வேண்டும், வயதான தோலில் மூலப்பொருளே குறைந்துபோகும். இவற்றையெல்லாம் தாண்டி உண்டாகும் டி-யையும் ஃபெனிட்டாய்ன் உடைத்துவிடும். ஆகவே அம்மாவுக்கு வெயில் மட்டும் போதாது.

தவறுகள் எங்கே நடக்கின்றன

அதிகம் நடப்பது வார மாத்திரையைத் தினமும் போடுவது. 60,000 யூனிட் வாரம் ஒன்று என்றால் ஒரு நாளுக்குச் சராசரி 8,570 சொச்சம், எட்டு வாரத்தில் மொத்தம் 4,80,000. அதையே தினமும் போட்டால் எட்டு வாரத்தில் 33,60,000. முதலில் எதுவும் தெரியாது. பிறகு தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், எடை குறைவு; முதியவர்களில் மனக்குழப்பம். கால்சியம் ஏறி சிறுநீரகம் பழுதாகும். டி கொழுப்பில் தங்கிவிடுவதால் மாத்திரையை நிறுத்தியும் மாதக்கணக்கில் இறங்காது. இரத்த அளவு 150-ஐத் தாண்டும்போதுதான் பொதுவாக இந்த நஞ்சு நிலை வருகிறது. சீட்டில் ‘வாரம் ஒரு முறை’ என்று மட்டும் எழுதாமல் ‘ஞாயிறு மட்டும்’ என்று கிழமையைக் குறிப்பதும், கடைசி மாத்திரையின் தேதியை எழுதுவதும் இதைத் தடுக்கும்.

அடுத்தது, எட்டு வாரச் சீட்டை ஓர் ஆண்டு ஓட்டுவது. சிகிச்சை அளவுக்கும் தொடர் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லாவிட்டால் இது நடக்கும். பெரியவர்களுக்கு மேற்பார்வையின்றி எடுக்கும் உச்சவரம்பு தினம் 4,000 யூனிட். மல்டிவைட்டமின், கால்சியம் மாத்திரை, எலும்புக்கான கூட்டு மாத்திரை என்று ஒவ்வொன்றிலும் டி ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சில லேபிள்களில் மைக்ரோகிராம் கணக்கு இருக்கும்: 1 மைக்ரோகிராம் 40 யூனிட். ஆய்வக அறிக்கையிலும் இந்தக் குழப்பம் உண்டு. லிட்டருக்கு நானோமோல் என்று வந்தால் 2.5-ஆல் வகுத்தால்தான் நாம் இங்கே பேசும் எண் கிடைக்கும். 50 நானோமோல் என்பது 20 நானோகிராம்.

கைக்குழந்தைகளுக்கு தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கும்போது, ஒரு சொட்டிலேயே 400 உள்ள புட்டியும் ஒரு மில்லிலிட்டரில் 400 உள்ள புட்டியும் ஒன்றுபோலத் தோன்றும். இப்படி மாறிப்போகும் ஆபத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-இலேயே எச்சரித்திருக்கிறது. புட்டியோடு வந்த உறிஞ்சியை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

இன்னும் சிலருக்கு, அளவு குறைவாகவே இருந்தாலும், கால்சியம் பார்க்காமல் டி தொடங்கக் கூடாது: சார்காய்டோசிஸ், காசநோய் போன்ற கிரானுலோமா (அழற்சி செல்கள் திரண்டு சிறு முடிச்சுகளாகும்) நோய்கள் உள்ளவர்கள், சில நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்கள், பாராதைராய்டு சுரப்பியில் கட்டி உள்ளவர்கள், திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல் வருபவர்கள். முதல் வகையினரில் நோய்ப்பட்ட திசுவே தன்னிச்சையாக டி-யைச் செயல்படும் வடிவாக மாற்றிவிடும். கட்டுப்படுத்தும் கடிவாளம் அங்கே இல்லை. தயசைடு வகை நீர்மாத்திரை எடுப்பவர்களுக்கும் கால்சியம் ஏறலாம், டிகாக்ஸின் எடுப்பவர்களுக்கு ஏறிய கால்சியம் இதயத்தைத் தாக்கும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களின் கணக்கே வேறு. அவர்களைச் சிறுநீரக மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

தொடர்ந்து பார்த்ததில்

அம்மாவுக்கு நான்காவது வாரம் கால்சியம் 8.9. அல்கலைன் பாஸ்பேட்டேஸ் 246-லிருந்து 281-க்கு ஏறியிருந்தது. இதைக் கண்டு பயந்து மருந்தை நிறுத்துபவர்கள் உண்டு. எலும்பு வேகமாகத் தாதுவை ஏற்றுக்கொள்ளும்போது முதலில் அது ஏறுவது குணமாவதன் அடையாளம்தான். டி அளவை இப்போது பார்க்கவில்லை. நிலைபெற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், அதற்குள் பார்ப்பது வீண்.

பன்னிரண்டாவது வாரம் டி 31, பாராதைராய்டு ஹார்மோன் 71, கால்சியம் 9.2, பாஸ்பரஸ் 3.2, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் 168. கையைக் கட்டிக்கொண்டு முதல் முயற்சியிலேயே எழுந்தார். முன்னங்கால் வலி குறைந்திருந்தது. ஆறாவது மாதம் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் 108. டி தினம் 3,000 யூனிட்டாகக் குறைக்கப்பட்டது. ஃபெனிட்டாய்னுக்குப் பதில் கல்லீரல் என்சைம்களைத் தூண்டாத லெவடிரசிட்டம் போன்ற மருந்துக்கு மாறலாமா என்பதை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்வார்; அதுவரை ஒரு வேளை கூட விடக் கூடாது என்று அம்மாவிடம் அழுத்திச் சொல்லப்பட்டது.

மகளின் ஃபெரிட்டின் மூன்று மாதத்தில் 34, ஹீமோகுளோபின் 12.9. மதியச் சோர்வு போய்விட்டது. முடி உதிர்வு குறையத் தொடங்கியிருக்கிறது. அதற்கு இன்னும் சில மாதம் ஆகும். அவருடைய வைட்டமின் டி-யை மறுபடி பார்க்கவில்லை.

ஓராண்டு முடிவில் அம்மாவின் இடுப்பு டி-ஸ்கோர் மைனஸ் 3.1-லிருந்து மைனஸ் 2.3. ஓர் ஊசியும் இல்லாமல் ஏறியது. அங்கே குறைந்திருந்தது பெரும்பாலும் தாதுதான். மணிக்கட்டு முறிவு நடந்திருப்பதால் எலும்புப்புரை மருந்து இன்னும் தேவையா என்பது இந்தப் புதிய ஸ்கேனை வைத்து மறுபடி எடைபோடப்படுகிறது. அவருடைய குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதி ஒட்டியாயிற்று: ஃபெனிட்டாய்ன் இருக்கும் வரை டி3 தினம் 3,000 யூனிட், ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை, பயோட்டின் எடுத்தால் ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும்.